பென்னாகரம் பக்கத்து ஊர்களில் உணவின் தரத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

நாகாவதிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பென்னாகரம் வட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு ஆடியில், நான்கு ஊர்களில் உள்ள 120 வீடுகளுக்கு வீட்டுத்தோட்டம் போடுவதற்காகச் சிறுகீரை, அரைக்கீரை, அவரை, மஞ்சள் பூசணி விதைகளைக் கொடுத்தோம். அந்த வீட்டுப் பெண்களின் சாப்பாடு இதனால் மேம்பட்டிருக்கிறதா என்று இப்போது பார்க்க வேண்டும். ஏழை நாடுகளில் இதற்காகவே பயன்படுகிற எளிய அளவுகோல் ஒன்று உண்டு என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். உணவை 10 தொகுதிகளாகப் பிரித்து, முந்தைய நாளில் ஒரு பெண் அவற்றில் 5 தொகுதிகளையாவது சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். 5 இருந்தால் போதுமானது, குறைந்தால் போதாது. அதை இரண்டு வீடுகளில் சோதித்துப் பார்த்தேன். அதிலிருந்து மனம் அமைதியாக இல்லை.

முதல் வீட்டில் 65 வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள் பாட்டி?" என்று கேட்டேன். "என்னத்த சாப்பிடறது, களிதான்" என்றார். தானியம் ஒன்று என்று எழுதிக்கொண்டேன். உள்ளே இருந்த மருமகள், "கீரை கடைஞ்சேனே, ராத்திரி கொள்ளுச்சாறு வெச்சேனே" என்று குரல் கொடுத்தார். ஒன்று, மூன்றாயிற்று. எழுந்து புறப்படும்போதுதான் பாட்டியின் காலடியில் நிலக்கடலைத் தோல் கிடப்பதைப் பார்த்தேன். கேட்டால், முந்தின நாள் மாலையும் பேரனோடு உட்கார்ந்து இரண்டு கைப்பிடி உரித்துத் தின்றதாகச் சொன்னார். ஆக நான்கு.

இரண்டாவது வீட்டில் பென்னாகரம் பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் வேலை பார்க்கிற இளம்பெண். காலையில் இட்லி, பகலில் எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும், மாலையில் பேக்கரியில் தேநீரும் கிரீம் பன்னும், இரவில் பரோட்டாவும் ஒரு வாழைப்பழமும். அரிசி, உளுந்து, முட்டை, பால், பழம் என்று ஐந்து வந்துவிட்டது. காய்கறி என்று ஒரு வாய்கூட இல்லை. ஆனாலும் கணக்கின்படி இவருடைய உணவு போதுமானது, களியும் கீரையும் கொள்ளும் கடலையும் சாப்பிட்ட பாட்டியின் உணவு போதாதது. இந்த முடிவை எழுதி எங்கள் கூட்டமைப்புக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் மாவட்டத்தில் 2023 முதல் நியாயவிலைக் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்ததே, அதன் பிறகு வீடுகளில் களி திரும்பியிருக்கிறதா என்பதையும் இதே ஆய்வில் பார்க்க விரும்புகிறேன். இந்தப் பத்துத் தொகுதிக் கணக்கில் கேழ்வரகும் அரிசியும் ஒரே தொகுதியில் கிடக்கின்றன. எந்த அளவுகோலை எடுத்துக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தொப்பூர்க் கணவாய்:

சகோதரிக்கு வணக்கம். சில ஆண்டுகள் ஊட்டச்சத்து ஆய்வுகளில் களப்பணி செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் தவறானது அன்று. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு வெளியே அதைக் கொண்டுபோய்விட்டீர்கள்.

அதன் பெயர் பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்முகத்தன்மை. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு அதற்கான வழிகாட்டியை 2016இல் வெளியிட்டு 2021இல் திருத்தியது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கு, வைட்டமின்களும் தாதுக்களுமாகப் பதினொரு நுண்சத்துகள் போதிய அளவு கிடைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு ஒரு மறைமுக அடையாளமாகத்தான் அதைச் சோதித்து உருவாக்கினார்கள். ஆகையால் உங்கள் பாட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதைவிட முக்கியமானது, அது ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிற எண். 'இந்த நான்கு ஊர்ப் பெண்களில் நூற்றுக்கு இத்தனை பேர் நேற்று ஐந்தோ அதற்கு மேலோ தொகுதிகளைச் சாப்பிட்டார்கள்' என்று சொல்லலாம். 'இந்தப் பெண் தேறினாள், அந்தப் பெண் தேறவில்லை' என்று சொல்ல அது உதவாது, ஏனென்றால் ஒரு பெண் நேற்று சாப்பிட்டதும் அவள் வழக்கமாகச் சாப்பிடுவதும் ஒன்றல்ல. சந்தை நாளுக்கு மறுநாள் கேட்டால் ஒரு விடை, அதற்கு முந்தைய நாள் கேட்டால் வேறு விடை. நூறு பேரைப் பல கிழமைகளில் கேட்கும்போது இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒருவரை ஒரு நாள் கேட்கும்போது அதற்கு வழியில்லை.

இரண்டாவதாக, கிரீம் பன்னையும் பரோட்டாவையும் குறித்து அந்த அளவுகோல் எதையும் சொல்வதில்லை. போதாமையைப் பார்க்கத்தான் அது செய்யப்பட்டது, மிகுதியால் வரும் கேட்டைப் பார்க்க அன்று. நம் பக்கத்தில் ஒரே வீட்டில் தாய்க்கு இரத்தசோகையும் தந்தைக்குச் சர்க்கரை நோயும் இருக்கிற காலம் இது. ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிற கருவி போதாது என்று நீங்கள் உணர்ந்தது சரியே. இந்தக் குறையை நீக்கத்தான் பின்னால் வேறு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று உணவுத் தர வினாப்பட்டியல். 29 உணவுத் தொகுதிகளைப் பற்றி, அந்தந்த நாட்டில் பரவலாகச் சாப்பிடுகிற உணவுகளின் பெயரைச் சொல்லி, 'நேற்று சாப்பிட்டீர்களா' என்று ஆம், இல்லை என்ற விடையை மட்டும் வாங்குவது. ஐந்து நிமிடம் போதும். பத்துத் தொகுதிக் கணக்கையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்; இனிப்புப் பானம், எண்ணெயில் பொரித்தது, பாக்கெட் தீனி போன்றவை தனியாகவும் கிடைக்கும். மற்றொன்று உலகளாவிய உணவுத் தர மதிப்பெண். அதில் 25 தொகுதிகள். 16 தொகுதிகளை அதிகம் சாப்பிட்டால் மதிப்பெண் ஏறும். 7 தொகுதிகளை அதிகம் சாப்பிட்டால் இறங்கும். சிவப்பு இறைச்சி, கொழுப்பு மிகுந்த பால் பொருள் ஆகிய இரண்டும் மிதமாக இருந்தால் நன்மை, மிகுந்தால் தீமை என்று கொள்ளப்படும். மொத்தம் 49க்கு 23ஐ எட்டினால் ஆபத்து குறைவு, 15க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம்.

உங்கள் கேழ்வரகுக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டாவது கருவி முழுத் தானியத்தை நன்மை தரும் தொகுதியிலும், தீட்டிய அரிசி, மைதா முதலியவற்றைத் தீமை தரும் தொகுதியிலும் பிரித்து வைத்திருக்கிறது. பத்துத் தொகுதிக் கணக்கை வைத்துக்கொண்டு நியாயவிலைக் கடைக் கேழ்வரகின் பலனைத் தேடினால், ஊர் முழுவதும் சோற்றை விட்டுக் களிக்கு மாறியிருந்தாலும் எண் ஒரு புள்ளிகூட அசையாது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமைத் தொடுவதே அரிது. இத்தனை பெரிய வேறுபாட்டை ஒரு கருவி காணவில்லை என்றால், அதை அந்தக் கேள்விக்குப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் பொருள். ஆனால் மதிப்பெண் முறைக்கு ஒவ்வொரு தொகுதியிலும் எவ்வளவு சாப்பிட்டார் என்ற உத்தேச அளவு வேண்டும். அதற்குப் பயிற்சியும் நேரமும் தேவை. உங்களுக்கு ஆள் குறைவு என்றால், ஆம்-இல்லை வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு, தானியத்தை மட்டும் கேழ்வரகு, சாமை, கம்பு, அரிசி, கோதுமை, மைதா என்று பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை வேளை என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தில் அதுவே உங்களுக்குப் போதும்.

கடைசியாக, இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. விதை கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் அளக்கவில்லை. அதனால் இப்போது அளப்பதை எதனோடு ஒப்பிடுவீர்கள்? அதே வசதியுள்ள, அதே மழையை நம்பிய, விதை வாங்காத ஊர்களில் இன்னொரு 120 வீடுகளை அதே வாரங்களில் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டாலும், தேறியவர்களின் பங்கில் நூற்றுக்கு இருபது அளவுக்கு வேறுபாடு இருந்தால்தான் இந்த எண்ணிக்கையில் உறுதியாகத் தெரியும். நூற்றுக்குப் பத்து வேறுபாட்டைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் 400க்கு அருகில் பெண்கள் வேண்டும். ஆகவே ஐந்து என்ற கோட்டை மட்டும் நம்பாமல், சராசரியாக எத்தனை தொகுதி, நேற்று கீரை சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பவற்றையும் தனித்தனியே பாருங்கள். நீங்கள் கொடுத்தது கீரை விதை; பலன் முதலில் கீரையில்தான் தெரிய வேண்டும்.

அரூர் செவிலி:

மகளே, கருவியைப் பற்றித் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். நான் கேட்கிற விதத்தைப் பற்றி எழுதுகிறேன். அரூர், தீர்த்தமலை பக்கத்து ஊர்களில் கிராமச் சுகாதாரச் செவிலியாக 30 ஆண்டு நடந்தவள். ஓய்வு பெற்று விட்டேன்.

"களிதான்" என்று அந்தப் பாட்டி சொன்னது மறதியால் அன்று. நம் பக்கத்தில் சாப்பாடு என்றால் களி அல்லது சோறு; தொட்டுக்கொள்வது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை; காட்டிலும் மேட்டிலும் வாயில் போட்டுக்கொள்வது கணக்கிலேயே வராது. களை எடுக்கும்போது பறித்துத் தின்ற தக்காளி, ஆடு மேய்க்கும்போது உலுக்கித் தின்ற இலந்தை, பிடுங்கின கையோடு உரித்த பச்சைக் கடலை ஆகியவற்றை எந்தப் பெண்ணும் தானாகச் சொல்ல மாட்டாள். அதனால் 'என்ன சாப்பிட்டீர்கள்' என்று தொடங்காதீர்கள். 'நேற்று எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்' என்று தொடங்கி, தண்ணீர் பிடித்தது, பால் ஊற்றியது, நூறு நாள் வேலைக்குப் போனது, மாடு ஓட்டி வந்தது என்று நாளைப் பின்தொடர்ந்து போய், ஒவ்வோர் இடத்திலும் 'அப்போது வாயில் ஏதாவது போட்டீர்களா' என்று கேளுங்கள். நாள் நினைவுக்கு வந்தால் தீனியும் நினைவுக்கு வரும். எல்லாம் முடிந்தபின் பட்டியலைப் படித்து, விட்டுப்போனதைச் சேருங்கள்.

பட்டியலில் எழுதுகிற பெயர்களும் நம் ஊர்ப் பெயர்களாக இருக்க வேண்டும். 'கரும்பச்சை இலைக் காய்கறி' என்று கேட்டால் விழிப்பார்கள். 'கீரை' என்று கேட்டால்கூட, விலைக்கு வாங்கின கட்டுக்கீரையைத்தான் சிலர் நினைப்பார்கள். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, தும்பைக்கீரை, குப்பைக்கீரை, முருங்கைக்கீரை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மழை விட்ட பத்து நாளில் கொல்லை வரப்பெல்லாம் இவை முளைத்திருக்கும். நான்கைந்தைச் சேர்த்துப் பறித்து ஒன்றாகக் கடைவார்கள். முழுப் பட்டியலையும் வெளியூரில் இருந்து கொண்டுவந்தால், ஏழை வீட்டில் இருக்கிற நல்ல உணவே எழுதப்படாமல் போகும்.

அடுத்தது, வீட்டில் சமைத்தது வேறு, அவள் தட்டில் விழுந்தது வேறு. ஒரு வீட்டில் பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். அரைப்படி துவரம்பருப்பு இரண்டு நாளுக்கு என்று எடுத்து வைத்திருந்தார்கள். சாம்பார் குண்டானில் மாமனாருக்கும் கணவருக்கும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினாள், பிறகு பிள்ளைகளுக்கு, அவள் உட்காரும்போது மணி மூன்று, குண்டானில் புளித்தண்ணீரும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டும் இருந்தன. 'நேற்று பருப்பு சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் 'சாம்பார் வைத்தோமே' என்றுதான் சொல்லியிருப்பாள். வீட்டுக்கு எத்தனை கிலோ பருப்பு வாங்கினார்கள் என்று கேட்டுக் குடும்பத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிற செலவுக் கணக்குகளில் இந்தப் பெண் தெரியவே மாட்டாள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கீழ் 1972இல் தொடங்கி 2015 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் வீட்டுக்குள் போய் ஒவ்வொருவரும் சாப்பிட்டதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. தமிழ்நாடும் அதில் இருந்தது. அது மூடப்பட்டதை நான் இன்றும் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதைக் கட்டாயம் கேள். விதை கொடுத்தவள் நீ. நீயே போய் 'கீரை சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் அத்தனை பேரும் 'சாப்பிட்டோம் கண்ணு' என்பார்கள், உன் மனம் நோகக் கூடாது என்பதற்காக. என்னிடம் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதாகச் சொன்ன பெண்களின் வீட்டு மாடக்குழியில் பிரிக்காத அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய்யர்கள் அல்லர்; என் மேல் உள்ள மரியாதையில் சொன்னார்கள். ஆகையால் உங்கள் அமைப்பைச் சேராத, அந்த ஊருக்குத் தெரியாத இரண்டு பெண்பிள்ளைகளை அனுப்பு. மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்க்கச் சொல்.

காவேரிப்பட்டணம் மளிகை:

நான் ஆய்வாளன் அல்லன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணி முதல் எட்டே முக்கால் வரை என் கடையில் விற்பது பெரும்பாலும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள்தான். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும், தோட்ட வேலைக்கு வண்டி ஏறுகிற பெண்களும் வாங்குகிறார்கள். வண்டி வருவதற்குள் சமைக்க நேரமில்லாமல் ஒரு பன்னையும் தேநீரையும் வைத்துப் பகல் வரை தள்ளுகிற பெண்கள் அவர்கள். வீட்டில் போய்க் கேட்டால் இது வராது. யாரும் அதைச் சாப்பாடாக நினைப்பதில்லை. 'நேற்று கடையில் காசு கொடுத்து ஏதாவது வாங்கிச் சாப்பிட்டீர்களா' என்று தனியாக ஒரு கேள்வி வையுங்கள். பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் சித்திரை முதல் ஆனி வரை மாம்பழம் இல்லாத வீடு இல்லை. அந்த மாதங்களில் ஓர் ஊரையும் கார்த்திகையில் இன்னோர் ஊரையும் கேட்டால், விதையின் பலனா மாம்பழத்தின் பலனா என்று பிரிக்க முடியாது.

நாகாவதிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டியைச் சேர்த்தது என் பிழை என்று இப்போது புரிகிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களை மட்டும் அந்தக் கணக்கில் வைத்து, வயதானவர்கள் சொன்னதைத் தனியே எழுதிக்கொள்கிறேன். பத்துத் தொகுதிக் கணக்கைக் கைவிடவில்லை. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் அதை நிலையான வளர்ச்சி இலக்குகளின் குறியீடுகளில் சேர்த்திருப்பதால், மற்ற ஊர்களோடு ஒப்பிட அது வேண்டும். அதோடு பாக்கெட் தீனி, பொரித்தது, இனிப்புப் பானம், தானிய வகை ஆகியவற்றைத் தனிக் கேள்விகளாக வைக்கிறேன். ஒப்பீட்டுக்கு ஏரியூர் பக்கத்தில் விதை வாங்காத நான்கு ஊர்களைப் பேசிப் பார்த்திருக்கிறேன். கேட்பதற்குத் தருமபுரிக் கல்லூரி மாணவிகள் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐப்பசியில் தொடங்கி, வாரத்தின் ஏழு கிழமைகளும் இரு பக்கமும் சமமாக வரும்படி பிரித்துக்கொள்வோம்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம். தேநீரில் உள்ள பாலைப் பால் என்று எண்ணுவதா? தண்ணீர்ச் சாம்பாரில் உள்ள பருப்பைப் பருப்பு என்று எண்ணுவதா?

தொப்பூர்க் கணவாய்:

பத்துத் தொகுதி முறையில் 15 கிராம் என்பது எல்லை. ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி. அதற்குக் கீழே போனால் அந்தத் தொகுதியை எண்ணுவதில்லை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, தாளிப்புக்குப் போட்ட உளுந்து ஆகியவை அதனால்தான் கணக்கில் வருவதில்லை. தண்ணீர்ச் சாம்பாருக்கு, 'உங்கள் தட்டில் பருப்பு கண்ணுக்குத் தெரிந்ததா, கரண்டியில் அள்ள வந்ததா' என்று மாணவிகளைக் கேட்கச் சொல்லுங்கள். அம்மா சொன்ன அந்தப் பெண்ணின் தட்டுக்கு 'இல்லை' என்றே விடை வரும்.

தேநீருக்கு ஒரே விடை இல்லை. வீட்டில் ஒரு குவளைக்கு எவ்வளவு பால் ஊற்றுகிறார்கள் என்று ஆய்வு தொடங்கும் முன் பத்து வீடுகளில் அளந்து பாருங்கள். பாதிக்குப் பாதி பால் என்றால் ஒரு குவளையிலேயே 15 கிராமைத் தாண்டிவிடும். கறுப்புத் தண்ணீரில் நிறம் மாறும் அளவுக்கு மட்டும் ஊற்றுகிற வீடுகளும் உண்டு. நான் செய்வது, 'தேநீரில் மட்டும் பால்' என்று தனிக் கட்டம் போட்டு, அதைச் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் கணக்கிடுவது. நம் மாவட்டங்களில் அந்த ஒரு குவளைத் தேநீர் பல பெண்களை நான்கிலிருந்து ஐந்துக்குத் தூக்கிவிடும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நெய்யும் வெண்ணெயும் பால் தொகுதியில் சேராது, கொழுப்பில்தான் சேரும். நிலக்கடலை பருப்பில் சேராது, கொட்டை வகையில் சேரும். காய்ந்த மொச்சை பருப்பில் சேரும். தோலோடு சமைத்த அவரைக்காய் மற்றக் காய்கறி. மஞ்சள் பூசணியும் கேரட்டும் பழுத்த மாம்பழமும் வைட்டமின் ஏ மிகுந்த தொகுதி, தக்காளி அதில் வராது. இவற்றை ஒரு தாளில் எழுதி இரு மாணவிகளின் கையிலும் கொடுத்துவிடுங்கள். ஒருத்தி ஒரு விதமாகவும் மற்றவள் வேறு விதமாகவும் எழுதினால் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு எழுதியவரின் வேறுபாடாகப் போய்விடும்.

அரூர் செவிலி:

அந்தத் தாளின் அடியில், மாணவிகள் போகும்போது ஒரு மேசைக்கரண்டியும் அரை லிட்டர் அளவைக் குவளையும் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்றும் எழுதிவிடு மகளே. முதல் ஐந்து வீடுகளுக்கு நானும் உடன் வருகிறேன். என்னை அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அரூரிலிருந்து காலைப் பேருந்தில் புறப்பட்டால் பத்து மணிக்குள் பென்னாகரம் வந்துவிடலாம். எந்த நாள் என்று மட்டும் சொல்.